லினக்ஸுக்கு மாறுவதற்கு முன் மேசையில் உள்ள கருவிகளைச் சோதிப்பது எப்படி

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும் என்ற நிபந்தனைகளால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் நடுவழியில் நிற்கின்றன. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பசுந்தேயிலை கொள்முதல் நிலையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் தங்கும் விடுதிகளிலும் இத்தகைய கணினிகளை இன்றும் நிறையப் பார்க்கலாம். அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும்.

இந்த மாற்றத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "என் லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுமா?" என்பதுதான். ஏறக்குறைய எப்போதுமே ஓடும். 64 பிட் ப்ராசசரும் 4 ஜிபி நினைவகமும் இருந்தால், லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு பதிப்பு எழுந்து நிற்பதில் பெரிய சிக்கல் வராது. சிக்கல் வருவது கணினியோடு இணைத்திருக்கும் பிரிண்டர், ஸ்கேனர், எடைத் தராசு, கைரேகைக் கருவி ஆகியவற்றில்தான். கணினிக்குள்ளே என்றால் வைஃபை சிப்பில். ஆகவே மாறலாமா வேண்டாமா என்ற முடிவை மேசையில் உள்ள மற்ற கருவிகளை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சமவெளியில் இருப்பவர் ஒரு சிறிய வைஃபை டாங்கிள் தேவைப்பட்டால் அன்று மாலையே கடைக்குப் போய் வாங்கிவிடுவார். மலையில் அப்படி இல்லை. மஞ்சூரிலோ பந்தலூரிலோ இருப்பவருக்கு அது பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து ஏறி வர வேண்டும்; மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் அதற்கும் காத்திருக்க வேண்டும். விண்டோஸை அழித்த பிறகு ஒரு குறை தெரியவந்தால் வேலை நாள்கள் போய்விடும் என்பதால், கீழே சொல்லும் சோதனைகளை எல்லாம் விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

கணினியில் செருகப்படும் ஒவ்வொரு பொருளையும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் பொருள்கள் உட்பட, மாதிரி எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். "எச்பி பிரிண்டர்" என்று எழுதினால் போதாது. "எச்பி லேசர்ஜெட் 1020" என்று எழுத வேண்டும். கருவியின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் தாளில் அந்த எண் இருக்கும்.

அடுத்து, கணினிக்குள் இருப்பவை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர் பகுதியில் வைஃபை கருவியின் மேல் வலது சொடுக்குச் செய்து, ப்ராப்பர்ட்டிஸ், அதில் டீட்டெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடி என்று வரிசையாகப் போனால் இரண்டு நான்கெழுத்து எண்கள் கிடைக்கும். முதல் எண் சிப்பைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும்; இரண்டாவது எண் அந்தச் சிப்பின் மாதிரியைக் குறிக்கும். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் ஏதிராஸ் அல்லது குவால்காம், 14சி3 என்றால் மீடியாடெக். மடிக்கணினியின் பெயரை இணையத்தில் தேடுவதைவிட இந்த இரண்டு எண்களைத் தேடுவதே சரியான பதிலுக்கு வழி. ஒரே பெயரில் விற்ற மடிக்கணினியில்கூட வெவ்வேறு வைஃபை சிப்கள் இருப்பதுண்டு. கிராபிக்ஸ் பகுதிக்கும் இதையே செய்யுங்கள்: 8086 இன்டெல், 1002 ஏஎம்டி, 10டிஇ என்விடியா.

பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தல்

வட்டில் எதையும் மாற்றாமல் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க முடியும். லினக்ஸ் மின்ட் 22இன் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி, லினக்ஸின் மற்றொரு பதிப்பான உபுண்டு 24.04 அதைப்போல் இரு மடங்கு. எஸ்டேட் பகுதிகளில் சிக்னல் வந்து வந்து போவதால், நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் டொரண்ட் முறையில் இறக்குவதே உத்தமம். இறக்கிய பின், தளத்தில் தந்திருக்கும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுவதைத் தவிர்க்க வேண்டாம். அரைகுறையாக இறங்கிய கோப்பால் வரும் பிழைகளைப் பலர் கணினியின் குறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் மென்பொருள் கொண்டு அதை எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பவை அழிந்துவிடும்.

கணினியை அணைத்து இயக்கும்போது டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9 விசையை அழுத்தினால், எதிலிருந்து இயங்க வேண்டும் என்று தேர்வு செய்யலாம். என்விடியா கிராபிக்ஸ் உள்ள கணினியில் திரை கறுத்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. தொடக்கப் பட்டியலில் உள்ள கம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் எளிய காட்சி முறையில் திறக்கும். நிறுவிய பிறகு மின்டின் டிரைவர் மேனேஜர் வழியாக என்விடியாவின் டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை, சேர்த்துக்கொள்ளலாம். பத்தாண்டுக்கும் மேலான என்விடியா அட்டை என்றால், அதற்கான பழைய டிரைவர் வரிசை லினக்ஸின் மையப் பகுதியான இன்றைய கெர்னலோடு ஒத்துப்போகிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸில் டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

திரை வந்தவுடன் திருப்தி அடைந்து நிறுவத் தொடங்கிவிடாதீர்கள். வைஃபையில் இணைந்து ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். ஸ்பீக்கர், ஹெட்போன் துளை, மைக் மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள், ஏனென்றால் ஒலி கேட்கும் கணினியில் மைக் வேலை செய்யாமல் இருப்பது அபூர்வம் அல்ல. கேமரா, திரை வெளிச்ச விசைகள், டச்பேடில் இரண்டு விரல் உருட்டல், புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ துளை ஆகியவற்றையும் பாருங்கள். மடிக்கணினியை மூடி ஐந்து நிமிடம் வைத்துத் திறங்கள். திரை திரும்ப வர வேண்டும். மடிக்கணினியில் பதித்த கைரேகைப் பட்டை மட்டும் வேலை செய்யாமல் போனால் அதற்காக மனம் தளர வேண்டாம், கடவுச்சொல் போதும்.

வைஃபை

இன்டெல் சிப் என்றாலோ பழைய ஏதிராஸ் சிப் என்றாலோ இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அவை செருகியவுடன் வேலை செய்பவை. ரியல்டெக் சிப்களில் பல, சில ஆண்டுகளுக்கு முன்புவரை பெரும் தலைவலியாக இருந்தன. மலிவு மடிக்கணினிகளில் நிறையக் காணப்படும் ஆர்டிஎல்8821சிஇ போன்றவற்றுக்கு இப்போது கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. அதனால் பழைய பதிப்பு ஒன்றில் வைஃபை வரவில்லை என்று கைவிட்டவர்கள் புதிய பதிப்பில் மறுபடி முயல்வது பயன் தரும்.

பிராட்காம்தான் இன்றும் பிடிவாதக்காரர். குறிப்பாக, 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல மடிக்கணினிகளில் உள்ள பிசிஎம்43142 சிப்புக்கு, அந்த நிறுவனத்தின் மூடிய டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்ற கேள்விக்கு எளிய விடை கைபேசிதான். ஆண்ட்ராய்டு கைபேசியைச் சார்ஜர் கேபிளால் கணினியோடு இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். எந்த டிரைவரும் தேவையில்லை. அதன் வழியே டிரைவர் மேனேஜர் மிச்சத்தைச் செய்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. அங்கீகரித்த மென்பொருளை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கும் கணினியில் இப்படித் தனியாகச் சேர்க்கும் டிரைவரை ஏற்றுக்கொள்ள, உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்படுகிறது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். மறுபடி இயக்கும்போது நீல நிறத் திரை ஒன்று சில விநாடிகள் தோன்றும். அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து, கன்டினியூ கொடுத்து, முன்பு வைத்த கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்தத் திரையை வைரஸ் என்றோ பிழை என்றோ நினைத்து விட்டுவிட்டால், டிரைவர் நிறுவப்பட்டும் வைஃபை வராது. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டாலும் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் உள்ள விண்டோஸ் அப்போது மீட்புச் சாவியைக் கேட்கலாம் என்பதால், அதைக் கூடவே வைத்திருப்பவர்கள் அந்த மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிண்டரும் ஸ்கேனரும்

லினக்ஸில் அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்னும் அமைப்பு. கைபேசியிலிருந்து நேரடியாக அச்செடுக்க உதவும் ஏர்பிரிண்ட் வசதி உள்ள பிரிண்டராக இருந்தால், டிரைவரே இல்லாமல் அது அடையாளம் காணப்படும். ஏர்பிரிண்ட் என்ற பெயர் கருவியின் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்களுக்கு எப்சனின் திறந்த மூல டிரைவர் இருக்கிறது. எல்130, எல்3110 போன்றவை தடங்கலின்றி ஓடும். பிரதர் நிறுவனம் தன் மாதிரிகளுக்கு லினக்ஸ் டிரைவர் தொகுப்புகளைத் தானே தருகிறது. பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் பெரும்பாலும் எப்சனின் பழைய கட்டளை மொழியைப் புரிந்துகொள்பவை என்பதால், பட்டியலில் அதே மாதிரி இல்லாவிட்டாலும் எப்சன் 9 ஊசி அல்லது 24 ஊசிப் பொது டிரைவர் கைகொடுக்கும்.

ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் இரண்டு லேசர் பிரிண்டர்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020இல் அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் கருவிக்குள் நிலையாகத் தங்குவதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். எச்பியின் லினக்ஸ் மென்பொருளான எச்பிஎல்ஐபி தொகுப்பையும் அதற்கான கூடுதல் பிளக்இன்னையும் நிறுவினால் லினக்ஸ் இந்த வேலையைத் தானாகச் செய்யும். பிளக்இன்னை விட்டுவிட்டால், பிரிண்டர் பட்டியலில் தெரியும், பச்சை விளக்கும் எரியும், ஆனால் தாள் நகராது. அடிக்கடி கரன்ட் போய் வரும் இடத்தில் இருப்பவர்கள், மின்சாரம் திரும்பிய பின் அச்சு நின்றுபோனால் கேபிளைக் கழற்றிச் செருகிப் பார்க்கலாம். ஃபர்ம்வேர் மறுபடி போய்ச் சேரும்.

மற்றொன்று கேனான் எல்பிபி2900. விண்டோஸில் அசையாமல் உழைக்கும் இந்தக் கருவி லினக்ஸில் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. கேப்ட் என்னும் கேனானின் சொந்த நெறிமுறையில் மட்டுமே பேசுவதால் பொது டிரைவர்கள் எதற்கும் அது அசையாது. கேனான் வெளியிட்ட பழைய லினக்ஸ் டிரைவர் ஒன்று உண்டு. ஆர்வலர்கள் எழுதிய திறந்த மூல டிரைவரும் உண்டு. இரண்டையும் பொறுமை உள்ளவர் வேலை செய்ய வைக்கலாம். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் கடைக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த பிரிண்டரை விட மனமில்லை என்றால், அதோடு இணைந்த கணினியை மாற்றாமல் விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள்.

ஸ்கேனர்களுக்குச் சேன் என்னும் திட்டம் ஆதரவுப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. உங்கள் மாதிரி அதில் 'முழுமை' அல்லது 'நல்லது' என்ற தரத்தில் இருந்தால் கவலை இல்லை. கேனான் லைடு வரிசையில் 110, 120 போன்றவை அதில் உள்ளன. பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த கருவியில் அச்சு வந்துவிட்டது என்பதற்காக ஸ்கேனும் வரும் என்று எடுத்துக்கொள்ளாமல், பென்டிரைவ் சோதனையின்போதே சிம்பிள் ஸ்கேன் செயலியில் ஒரு தாளை வைத்துப் பாருங்கள்.

எடைத் தராசு

பசுந்தேயிலை கொள்முதல் நிலையத்தில் கணினியைவிட முக்கியமான கருவி மின்னணுத் தராசுதான். எடையைக் கணினிக்கு அனுப்பும் தராசு, பழைய ஒன்பது ஊசி சீரியல் துளை வழியாகப் பேசும். இன்றைய கணினியில் அந்தத் துளை இல்லாததால் நடுவில் ஒரு யூஎஸ்பி மாற்றிக் கேபிள் இருக்கும். அந்தக் கேபிளுக்குள் இருக்கும் சிப் பொதுவாக எஃப்டிடிஐ, புரோலிஃபிக் பிஎல்2303, சிஎச்340 ஆகிய மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் லினக்ஸ் கெர்னலில் டிரைவர் உண்டு. விண்டோஸின் புதிய புரோலிஃபிக் டிரைவர் போலி சிப்களையும் சில பழைய சிப்களையும் கண்டால் வேலை செய்ய மறுத்துவிடும். அதே கேபிள் லினக்ஸில் முணுமுணுக்காமல் வேலை செய்வதைப் பார்த்து வியந்தவர்கள் உண்டு.

ஆனால் செருகினால் மட்டும் போதாது. சாதாரணப் பயனருக்கு அந்தத் துளையைத் திறக்கும் அனுமதி இருக்காது. பயனர் கணக்கை டயல்அவுட் என்னும் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் அனுமதி கிடைக்கும். தராசின் கையேட்டில் உள்ள வேகத்தையும் பிற அமைப்புகளையும் அப்படியே கணினியிலும் தர வேண்டும். 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்பது பரவலான அமைப்பு. எண்கள் வருவதற்குப் பதிலாகக் கிறுக்கல் எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை என்றே பொருள்.

சிஎச்340 கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விசித்திரம் நேரலாம். கேபிளைச் செருகியதும் ஒரு கணம் தோன்றிய சீரியல் துளை உடனே மறைந்துவிடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்னும் சேவை, சில பிரெய்ல் கருவிகளும் இதே அடையாள எண்ணைக் கொண்டிருப்பதால், தராசின் கேபிளைத் தன் கருவி என்று நினைத்துப் பறித்துக்கொள்வதே காரணம்; உபுண்டு 22.04இல் இது பரவலாகக் கண்ட சிக்கல். பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் யாரும் அந்தக் கணினியில் இல்லை என்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம். துளை நிலைத்து நிற்கும்.

கருவி ஒத்துப்போனாலும் எடையைப் படித்துப் பில் போடும் மென்பொருள் விண்டோஸுக்கு எழுதப்பட்டதாக இருக்கும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக அது ஓடினால், லினக்ஸின் சீரியல் துளையை வைன் ஒரு காம் போர்ட்டாகவே அதற்குக் காட்டும். எந்த எண்ணுள்ள காம் போர்ட் என்று பார்த்து, மென்பொருளின் அமைப்பில் அதையே கொடுக்க வேண்டும். இலை வரத்து குறைந்த பருவத்தில் இதைச் சோதிப்பதே புத்திசாலித்தனம். மூட்டைகள் வாசலில் குவிந்திருக்கும் நாளில் அல்ல.

மாற்றக் கூடாத கணினிகள்

ஆதார் கைரேகைச் சரிபார்ப்புக்கான வெளிக் கருவிகளுக்கு வேண்டிய ஆர்டி சர்வீஸ் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் கருதியே தரப்படுகிறது. இ-சேவை வேலை பார்க்கும் கணினியை அதனால் தொட வேண்டாம். டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன்களில் இபாஸ்2003 போன்றவை லினக்ஸில் படிக்கக்கூடியவையே. ஆனாலும் எந்த அரசுத் தளத்தில் கையொப்பம் இடுகிறீர்களோ அந்தத் தளத்தின் துணை மென்பொருள் லினக்ஸுக்கு உண்டா என்று தனியே பார்க்க வேண்டும். யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி துளை இருந்தால், பேட்டரி எவ்வளவு மீதி என்பதைப் பல மாதிரிகளுக்கு லினக்ஸ் தானாகவே காட்டும்.

நிறுவுவதற்கு முன் விண்டோஸில் செய்ய வேண்டியவை

தரவுகளை வெளி வட்டில் நகலெடுத்த பிறகு, இரண்டு அமைப்புகளைப் பார்க்க வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸை நிறுவுபவர்களாக இருந்தால், பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் உண்மையில் அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும். அதன் வட்டுப் பகுதியை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது.

இரண்டாவது, நிறுவும் நிரல் "வட்டே இல்லை" என்று சொல்லும் சிக்கல். பயாஸில் வட்டு இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் இருப்பதே இதற்கு வழக்கமான காரணம். அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழுந்திருக்காது. அதற்கு ஒரு வரிசை உண்டு: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட் என்பதைத் தேர்ந்தெடுங்கள், மறுபடி இயக்கி, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக மாற்றுங்கள், விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும், பிறகு எம்எஸ்கான்ஃபிக்கில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். சேஃப் மோடில் பின் எண் ஏற்காமல் போகலாம் என்பதால் கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர்கள் நிறுவிய பின் கடிகாரத்தைக் கவனிப்பார்கள்: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். கணினியின் உள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் வேறுபாடு இது; உள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்ஸில் அமைத்துவிட்டால் சரியாகும். கணினி ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டினால் அது வேறு குறை: தாய்ப்பலகையில் உள்ள வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று தோன்றும், மென்பொருள் புதுப்பிப்புகளும் நடக்காது. சிஆர்2032 என்ற அந்தப் பேட்டரி கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையிலேயே கிடைக்கும். இதற்காக மலை இறங்க வேண்டியதில்லை.